வடுகபட்டிப் பூண்டும் சீன விருந்தும்

சில வாரங்களுக்கு முன் விவசாயிகள் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு, வடுகபட்டியைச் சேர்ந்த சிறு விவசாயி ஒருவருடன் மதிய உணவுக்காக ஓர் உணவகத்திற்குச் சென்றேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். சீன உணவு வகைகளை நீள மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு தொகையைக் கட்டிவிட்டால் வேண்டியதை வேண்டிய அளவு நாமே எடுத்துச் சாப்பிடலாம். இதற்கு 'பஃபே' என்று பெயர். வாசல் பலகையில் 'புத்தம் புதிய காய்கறி, ஆரோக்கிய உணவு' என்று பெரிதாக எழுதியிருந்தது.

நண்பர் பூண்டுச் சோற்றை ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தார். "சார், இதுல இருக்கிறது பூண்டா?" என்றார். சமையல்காரரைக் கேட்டோம். அவர் ஒளிவுமறைவின்றி ஒரு டப்பாவைக் காட்டினார். எங்கோ ஓர் ஆலையில் அரைத்து அடைத்த விழுது. காய்கறியை வாரம் ஒருமுறை மொத்தமாக வாங்கிப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். நண்பர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஊருச் சந்தையில மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக் கெடக்கு. இங்க டப்பாவைத் தொறக்கிறாங்க. நாங்க இருக்கிறது யாருக்குமே தெரியலையா சார்?" என்று கேட்டார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. பின்னர் யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பலகையில் எழுதியிருந்த 'புதியது' என்ற சொல்லுக்கு உரியவர் அந்த உணவக முதலாளி அல்லர், என் நண்பரே என்று தோன்றியது. புதுமையைச் சமையலறையில் உண்டாக்க முடியாது. அது தோட்டத்தில் பிறக்கிறது. அதை விற்றுப் பெயரெடுப்பவர் வேறொருவராக இருக்க, நாம் கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

சீன உணவு நமக்கு அந்நியமா?

"அது நம்ம சாப்பாடு இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் பக்கத்தில் தினமும் காப்பியில் போடுவதைச் 'சீனி' என்கிறோம். அந்தப் பெயரே சீனத்தை நினைவூட்டுவதுதான். குமுளியைத் தாண்டினால் வாணலியைச் 'சீனச்சட்டி' என்கிறார்கள். நீலகிரி நடுவட்டத்துப் பக்கம், 19ஆம் நூற்றாண்டில் மலாயாக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர் சிலர், விடுதலைக்குப் பின் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து அவர்கள் பிழைத்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அவர்களும் நம்மைப் போன்ற சிறு விவசாயிகளே.

இன்று கடைகளில் விற்கும் 'மஞ்சூரியன்' சீனத்திலிருந்து வந்ததன்று. கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் என்பவர் 1975இல் பம்பாயில் செய்து காட்டியது. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் ஆகிய மூன்றையும் நறுக்கி வதக்கி, மசாலாப் பொடிக்குப் பதிலாக சோயா சாஸும் சோளமாவும் சேர்த்தார் என்பதே அதன் கதை. ஆக, நம் நாட்டுச் சீனச் சமையலின் அடிப்படையே பூண்டுதான். பூண்டுக்குப் பெயர்போன வடுகபட்டிக்கு இது அந்நியமானால், வேறு எந்த ஊருக்குச் சொந்தம்?

பூண்டின் நிலைமை

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் விளையும் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. உலகில் பூண்டு விளைச்சலில் சீனம் முதலிடத்திலும் நம் நாடு இரண்டாம் இடத்திலும் உள்ளன. பூஞ்சை நோய் அச்சத்தால் 2014இல் சீனப் பூண்டு இறக்குமதிக்கு நம் அரசு தடை விதித்தது. அதன் பிறகும் கள்ளத்தனமாக வருவது அவ்வப்போது பிடிபடுகிறது. சீனச் சமையல் வரட்டும். அதில் விழும் பூண்டு நம்முடையதாக இருக்கட்டும்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில்லறை விலையில் கிலோ 400 ரூபாயைத் தாண்டிய இதே பூண்டு, வேறு ஆண்டுகளில் சீந்துவாரின்றிக் கிடந்ததையும் கண்டிருக்கிறோம். குறியீடு கிடைத்தால் மட்டும் விலை நிலைத்துவிடாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் வேண்டும். 'இது மலைப்பூண்டு' என்று எழுதிவைத்துப் பரிமாறும் ஓர் இடமாவது இந்த வட்டாரத்தில் இருக்க வேண்டாமா?

பஃபேயின் கணக்கு

பஃபே உணவகத்தின் லாபக் கணக்கை உழவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். வருகிறவர் எவ்வளவு சாப்பிட்டாலும் கட்டணம் ஒன்றே. ஆகவே விலை மலிவான சரக்கால் வயிற்றை நிரப்பிவிட வேண்டும் என்று முதலாளி நினைப்பார். சோறு, நூடுல்ஸ், மாவில் தோய்த்துப் பொரித்தவை வரிசையின் முன்பக்கம் இருக்கும். காய்கறி வகைகள் கடைசியில் சின்னக் கிண்ணத்தில் இருக்கும். நகரத்தில் காய்கறியே அவருக்குப் பெரிய செலவு. 'ஆரோக்கிய உணவு' என்று பலகை வைத்தாலும் கணக்கு அதற்கு எதிராகவே இழுக்கும்.

இந்தக் கணக்கு உழவரிடம் வந்தால் தலைகீழாக மாறுகிறது. நமக்குக் காய்கறி வீட்டுச் சரக்கு. எண்ணெய், நூடுல்ஸ், சாஸ் ஆகியவையே கடையில் வாங்க வேண்டியவை. முட்டைக்கோஸ் பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாளில் வயலில் மாட்டை விட்டு மேய்க்கிறோம். அன்றைக்கு அந்தக் கோஸையே வரிசையின் முன்னால் இரண்டு வகையாகச் சமைத்து வைக்கலாம். பட்டியலில் அச்சடித்த பண்டம் இல்லையே என்று யாரும் கேட்க முடியாது. பஃபேயில் அன்றன்று இருப்பதுதான் பட்டியல். தோட்டம் சொல்வதை அடுப்பு கேட்கலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்கறியை முன்னால் வைத்து அதை நிறைவேற்றுவது சொந்தத் தோட்டம் உள்ளவருக்கே எளிது.

இதில் மறைந்திருக்கும் பள்ளம் ஒன்று உண்டு. மீந்துபோவதே பஃபேயை அழிக்கும். பெரிய அண்டாவில் சமைத்து வைத்துவிட்டு ஆளுக்குக் காத்திருக்கக் கூடாது. சீனச் சமையலில் நறுக்குவதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் வதக்குவதற்கு ஐந்து நிமிடமே ஆகும். எனவே நறுக்கி வைத்துக்கொண்டு, ஆள் வர வர, சின்ன வாணலியில் வதக்கி நிரப்ப வேண்டும். தட்டுகள் சிறியவையாக இருக்கட்டும். மீந்ததைத் தினமும் தராசில் நிறுத்து எழுதுங்கள். அந்த நோட்டு ஒன்றே லாபநட்டத்தை முன்கூட்டிச் சொல்லிவிடும். காய்த்தோலும் தண்டும் மாட்டுக்கோ மண்புழு உரக் குழிக்கோ போகட்டும்.

சிறு நிலத்துக்கு ஏற்ற சமையல்

சாம்பாருக்கு ஒரே காய் நிறைய வேண்டும். சீனச் சமையலுக்குப் பல காய்கள், ஒவ்வொன்றும் கொஞ்சமாக வேண்டும். இது 10 சென்ட், 20 சென்ட் என்று பிரித்துப் பயிரிடும் சிறு விவசாயிக்காகவே அமைந்தது போன்றது.

வெங்காயத்தாள் இன்றியமையாதது. சின்ன வெங்காயத்தை 15 நாளுக்கு ஒரு பாத்தி வீதம் நட்டு வந்தால், ஒன்றரை மாதத்தில் தொடங்கித் தாளோடு தொடர்ந்து பிடுங்கலாம். இளங்கதிராகப் பறிக்கும் மக்காச்சோளத்தை, அதாவது பேபி கார்னை, விதைத்த 45 முதல் 55 நாட்களில் பறித்துவிடலாம். ஆண் பூக்கொத்தை வெளிவந்ததும் கிள்ளிவிட வேண்டும். பட்டுநூல் வெளிவந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் கதிரைப் பறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முற்றிவிடும். கதிர் போக மிஞ்சும் பயிர் முழுவதும் கறவை மாட்டுக்குப் பசுந்தீவனம். கதிருக்கு ஒரு வரவு, பாலுக்கு ஒரு வரவு.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு நீரால் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் உண்டு. வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து வேகவைத்துச் சிப்பிக்காளான் படுக்கை அமைத்தால், மூன்று நான்கு வாரத்தில் முதல் அறுவடை கிடைக்கும். காளான் ஒரு நாளிலேயே வாடிவிடும் பொருள். தூரத்துச் சந்தைக்கு இது பெரும் குறை. பக்கத்திலேயே அடுப்பு இருந்தால் அதுவே நமக்குச் சாதகம். பச்சைப்பயறை இருட்டில் நீளமாக முளைக்க விட்டால் ஐந்தாறு மடங்கு எடை கிடைக்கும். அதற்கு நிலமே தேவையில்லை, ஒரு பானையும் நல்ல தண்ணீரும் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 முருங்கையின் கீரையை சூப்பில் போட்டால் சீனர்களும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். கேரட், பீன்ஸ், உருளை ஆகியவற்றைப் பூண்டு இறங்கும் வண்டியிலேயே மலையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

'புதியது' என்பதற்கு இலக்கணம்

இங்கே நம்மவர்களிடமும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மாலையில் மருந்தடித்து மறுநாள் காலையில் பறித்த காலிபிளவரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பார்ப்பதற்குப் புதியது. ஆனால் அது நல்லதன்று. ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. அது டப்பாவின் சீட்டிலோ உடன் வரும் தாளிலோ இருக்கும். அதைப் படித்து, தெளித்த தேதியையும் பறிக்கும் தேதியையும் பாத்திவாரியாக எழுதிவைக்காத தோட்டத்திலிருந்து ஓர் இலைகூடச் சமையலறைக்குள் வரக் கூடாது. அறுவடை நெருங்கும் பயிருக்கு வேப்பங்கொட்டைச் சாறு, விளக்குப்பொறி, கடுகு ஊடுபயிர் போன்ற வழிகளை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சாயம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கைச் சாயம் சேர்ப்பதைத் தடை செய்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் உணவில் கலந்திருந்ததே காரணம். பழி சுமந்தது காலிபிளவர். அது என்ன குற்றம் செய்தது? சின்னமனூர்ப் பக்கத்து பீட்ரூட் இருக்கும்போது சிவப்புப் பொடிக்கு என்ன தேவை? பீட்ரூட் சாறு நீண்ட கொதியில் நிறம் மங்கும். ஆதலால் இறக்கும் சமயத்தில் சேர்க்க வேண்டும். கடைச் சாயம் போல அது பளிச்சென்று இருக்காது. ஏன் பளிச்சென்று இல்லை என்று கேட்பவர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அந்தக் காரணமே உங்கள் விளம்பரம்.

பூண்டிலும் ஒரு நுட்பம் உண்டு. பல்லை நசுக்கிய பிறகே அதன் மணப்பொருளான அல்லிசின் உண்டாகிறது. அதை உண்டாக்கும் நொதி சூட்டில் அழிந்துவிடும். எனவே நசுக்கி 10 நிமிடம் வைத்திருந்து பின்னர் வாணலியில் போட வேண்டும். டப்பா விழுதில் என் நண்பருக்குக் கிடைக்காத மணம் இதுதான்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது சோறு. வறுத்த சோற்றுக்கு முதல்நாள் சோறுதான் உதிரியாக வரும் என்று சமையல்காரர்கள் சொல்வார்கள். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்கள் பலர் வாந்தியால் அவதிப்பட்டனர். வடித்த சோறு நீண்ட நேரம் சூடுமின்றிக் குளிருமின்றிக் கிடந்தபோது பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. ஆகவே சிறு அளவில் வடித்து, அகலத் தட்டில் பரப்பி, விரைவில் ஆறவைத்து உடனே குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மேசையில் இருக்கும் சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. மேசைக்குப் போய் வந்த எதையும் மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது.

இரண்டாவது எண்ணெயில் ஊறிய பூண்டு. நம் மகளிர் குழுக்கள் செய்து விற்க நினைக்கும் பொருள் இது. பூண்டு மண்ணில் விளைவது. மண்ணிலுள்ள பாட்டுலினம் நுண்ணுயிரின் வித்து அதில் ஒட்டியிருக்கக் கூடும். எண்ணெய்க்குள் காற்று இல்லாததால் அது நஞ்சாக வளரும். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைப் பரிமாறிய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பூண்டெண்ணெயை அன்றன்று தேவைக்கு மட்டும் செய்யுங்கள். புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள்.

மூன்றாவது உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். சாஸைக் குறைத்து, காளானும் தக்காளியும் கூடுதலாகச் சேர்த்தால் ருசி தானே வரும்.

யார் நடத்துவது?

"விவசாயிக்கு ஓட்டல் எதுக்கு? உள்ளதும் போகும்" என்று எச்சரிப்பவர்களின் அச்சம் நியாயமானதே. கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பி, கண்ணாடி மேசை போட்டுத் தொடங்குவதானால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். எல்லா ஊரிலும் இது ஓடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விவசாயிக்கு விற்கத் தெரியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். தராசைப் பிடித்த நம் பெண்கள் ஒரே மாதத்தில் வியாபாரம் பழகிக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள் ஊர்தோறும் உணவகம் நடத்துகிறார்கள். தமிழகத்தில் 2013 முதல் அம்மா உணவகங்களில் அடுப்படியில் நின்றவர்களும் மகளிர் குழுப் பெண்களே.

என் யோசனை இதுதான். பத்துக் குடும்பங்கள் சேருங்கள். முதல் ஆறு மாதம் சமைக்கவே வேண்டாம். பக்கத்து ஊர் உணவகங்களுக்குக் காய்கறி மட்டும் கொடுங்கள். காலையில் பறித்து, கழுவி, அளவுவாரியாகப் பிரித்து, சொன்ன நேரத்தில் சேருங்கள். யார் எதை எப்போது விதைப்பது என்று அட்டவணை போட்டுப் பழகுங்கள். சொன்ன சொல் தவறாமல் ஆறு மாதம் சரக்குக் கொடுக்க முடியாத குழு, அடுப்பு மூட்டக் கூடாது.

அதில் தேறினால் வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மதியம் மட்டும், நாற்பது பேருக்குச் சமையுங்கள். கும்பக்கரை அருவிக்கு வருகிறவர்களும், காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்குகிறவர்களும் அன்று சாலையில் இருப்பார்கள். வாடகைக் கூரை போதும். சைவமாகவே தொடங்கினால் செலவும் ஆபத்தும் குறைவு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் மட்டும் ஒரு தட்டுக்கூட விற்காதீர்கள். தண்ணீரைப் பரிசோதியுங்கள். மேசையில் ஒவ்வொரு பாத்திரத்தின் அருகிலும் காய் எந்தத் தோட்டத்தில் எப்போது பறித்தது என்று ஒரு சீட்டு வையுங்கள். எந்தப் பெரிய உணவகத்தாலும் அந்தச் சீட்டை எழுத முடியாது.

கடைசியாக ஒன்று. பள்ளத்தாக்கின் நல்ல காய் விடியுமுன் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. கழித்துப் போட்டது தெருமுனை வறுவல் கடைக்குப் போகிறது. மாலையில் நம் பிள்ளைகள் காசு கொடுத்து அதைச் சாப்பிடுகிறார்கள். விளைவித்தவன் வீட்டுப் பிள்ளைக்குக் கழிவு காய், கலர் பொடி! இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவாவது முதல் ஞாயிறன்று முதல் பந்தியில் உங்கள் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

"நாங்க இருக்கிறது யாருக்குமே தெரியலையா?" என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: தெரியவில்லைதான். டப்பாவைத் திறப்பவர் நம் சந்தைக்குத் தேடி வரமாட்டார். நாம்தான் பூண்டை நசுக்கி மணத்தைக் காட்ட வேண்டும்.